ஆதரவில்லாத பெட்டி

அத்தை வீட்டு டீவியில் படம் தெரியாமல் சத்தம் மட்டும் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஓடிப்போய் எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாமா என்றுதான் நான் முதலில் யோசித்தேன். பென் டிரைவில் படத்தை ஏற்றிக்கொண்டு வந்தவள் நான். பொகவந்தலாவை பஜாரில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் அப்போது வேலை பார்த்தேன். போட்டோ கொப்பி எடுப்பது, போனுக்குக் காசு போடுவது, கேட்டவர்களுக்குப் பாட்டும் படமும் ஏற்றிக் கொடுப்பது என்று நாள் போகும். அந்தப் படத்துக்காக, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பாதிப் பேர் வேலையை முடித்து, குளித்துத் தலைவாரி வந்து, அத்தையின் ஒற்றை அறைக் காம்பராவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். திரை தார் ரோட்டைப் போல் கறுப்பாக இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் விம்மி விம்மி அழுதாள்.

யாரும் என்னைத் திட்ட ஆரம்பிப்பதற்குள் அத்தை எழுந்து டீவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"அழறது கதாநாயகி," என்றார். "பச்ச சேல. மழ பேயுது. பின்னால ஒரு வேன் வந்து நிக்குது. அவ பாக்கல."

வேன் என்றதும் முன்னால் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். படம் முடியும்வரை அத்தை உட்காரவே இல்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டால் யார் உள்ளே வருகிறார்கள், என்ன சட்டை போட்டிருக்கிறார்கள், மனதில் என்ன திட்டம் என்று சொன்னார். சண்டை வந்தபோது கதாநாயகன் கொடுத்த குத்தில் அத்தையின் குல்லா கழன்று யாருடைய மடியிலோ போய் விழுந்தது. பாட்டு வந்தபோது எல்லாரும் அனுப்புவதைப் போலக் கதாநாயகனையும் கதாநாயகியையும் வெளிநாட்டுக்கு அனுப்பாமல், பக்கத்தில் இருக்கும் நல்லதண்ணி ஊருக்கு அனுப்பினார். தெரிந்த இடமாக இருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சுலபம் என்று பிறகு விளக்கம் சொன்னார். ஹட்டனில் அதே படத்தை ஏற்கெனவே பார்த்திருந்த ஒருவர் மட்டும், படத்தில் வேனே கிடையாதே என்று முனகினார்.

"நீங்க பாத்தது ஹட்டன்ல," என்றார் அத்தை. "இது வேற பிரிண்டு."

அவர் எனக்குச் சொந்த அத்தை இல்லை. எங்கள் காம்பராவுக்கும் அவர் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர், அவ்வளவுதான் உறவு. லயத்தில் எல்லாருக்கும் அவர் அத்தைதான். அவரைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெயரை எழுத எனக்குத் தைரியம் இல்லை. எழுதினால் எப்படியோ தெரிந்துகொண்டு, இப்போது மகனோடு இருக்கும் கொழும்பிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, நான் விட்டுவிட்டதையெல்லாம் சொல்லித் திருத்துவார்.

குள்ளமான உருவம். கொழுந்து எடுக்கப் போகும்போதும் வீட்டில் இருக்கும்போதும் ஒரே சிவப்புக் கம்பளிக் குல்லா. சிரிப்பு முதலில் வரும், அதற்குக் காரணம் பின்னால் வரும். எதிலும் ஓர் இடம் காலியாகக் கிடப்பதை அவரால் பொறுக்க முடியாது. பேச்சில் யாராவது ஒரு சொல்லைத் தேடினால் அவர் எடுத்துக் கொடுப்பார். பெரும்பாலும் அது வேறு சொல்லாக இருக்கும். கொழும்பிலிருந்து மகன் பேசும்போது சிக்னல் போய்விட்டால் நிறுத்தமாட்டார். அவன் என்ன சொல்லியிருப்பான் என்பதையும் தாமே சொல்லி, அதற்குப் பதிலும் சொல்லி, சில நாள் அவனோடு ஒரு சண்டையையே போட்டு முடித்திருப்பார். லைன் திரும்பக் கிடைக்கும்போது தனக்கு எதற்காகத் திட்டு விழுகிறது என்று அந்த மகனுக்குத் தெரியாது.

ஒருமுறை ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இயற்கைக் காட்சி பார்க்க எங்கள் மலைக்கு ஏறி வந்தார்கள். அன்று பார்த்துப் பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் எதுவுமே இல்லை. கொழுந்துக் கூடையோடு வந்துகொண்டிருந்த அத்தைக்கு அவர்களுடைய முகவாட்டம் தாங்கவில்லை. கையை நீட்டி, அந்தா ஆறு, அந்தா கோயில் கோபுரம், அதற்கு மேலே மூன்று மலை என்று தமிழிலேயே வரிசையாகக் காட்டினார். அவர்கள் அவர் காட்டிய பக்கமெல்லாம் திரும்பி வெறும் பனியைப் படம் எடுத்தார்கள். நன்றி சொல்லிச் சந்தோஷமாக இறங்கிப் போனார்கள்.

டீவியோடு மாட்டிப் படம் ஓட்டுகிற ஒரு பெட்டியை அத்தையின் மகன்தான் வாங்கி அனுப்பியிருந்தான். உள்ளங்கை அளவு இருக்கும். போனிலிருந்து இண்டர்நெட்டை எடுத்து ஓட்டும், பென் டிரைவையும் ஓட்டும். மலிவான பெட்டி என்பதால் ஓட்டும் படங்களைவிட ஓட்டாத படங்கள்தான் அதிகம். ஓட்டாதபோது ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டும். என்ன போட்டிருக்கிறது என்று அத்தை கேட்டார். இந்த வடிவத்துக்கு ஆதரவில்லை என்று போட்டிருக்கிறது என்றேன்.

"யாருக்கு ஆதரவில்ல? நம்ம பெட்டிக்கா?" அத்தை அதன் தலையைத் தடவிக் கொடுத்தார். "நாம இத்தன பேரு இருக்கோம்ல."

நான் பொறுமையாக விளக்கினேன். ஒரு படத்தை எடுத்தபடியே வைத்தால் எந்தப் பென் டிரைவிலும் அடங்காது, அதனால் சுருக்கி மடித்து வைக்கிறார்கள். அந்த மடிப்பு முறைக்குக் கோடெக் என்று பெயர். இப்போது புதிதாக ஒரு மடிப்பு வந்திருக்கிறது, பாதி இடம் போதும். அத்தையின் பெட்டிக்குப் பழைய மடிப்பை மட்டும்தான் பிரிக்கத் தெரியும். படத்துக்கு ஒரு மடிப்பு, சத்தத்துக்கு வேறு மடிப்பு. ஒன்றைப் பிரித்துவிட்டு மற்றதைப் பிரிக்கத் தெரியாமல் முழிப்பதும் உண்டு.

அத்தை தலையாட்டிக்கொண்டே கேட்டார். மறுநாள் மலையில் மற்றப் பெண்களுக்கு அவர் சொன்னது வேறு. பெட்டிக்குள்ளே கோடாக்கு என்று ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், நம் கண்டாக்கு மாதிரி. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தரைத்தான் நாங்கள் கண்டாக்கு என்போம். அவர் தராசடியில் நின்று கூடைக்குள் கையைவிட்டு முத்தல் இலையை எடுத்து எறிகிறார் இல்லையா, அதே மாதிரி அந்தக் கோடாக்கும் இந்தப் படம் ஆகாது, அந்தப் பாட்டு ஆகாது என்று திருப்பி அனுப்புகிறான். அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் யார் வீட்டு டீவியில் எது ஓடாவிட்டாலும் கோடாக்கு விடவில்லையாம் என்றுதான் பேச்சு. கண்டாக்கு ஐயாவே ஒருநாள் கடைக்கு வந்து, தன் வீட்டுப் பெட்டியில் கோடாக்கு ரொம்பத் தொந்தரவு கொடுக்கிறான் என்று என்னிடம் முறையிட்டார்.

பைலின் பெயருக்குக் கடைசியில் வருகிற எழுத்துகளை மாற்றினால் சில நேரம் ஓடும் என்று மகன் போனில் சொல்லிவிட்டான். அத்தை கடைசி எழுத்துகளோடு நிற்கவில்லை. எல்லாப் படத்தின் பெயரையும் தமக்குப் பிடித்த மாதிரி மாற்றினார். ஒரு பேய்ப் படத்துக்குத் தம் மாமியார் பெயரை வைத்தார். பெட்டி எதிலும் ஏமாறவில்லை. நாங்கள்தான் ஏமாந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டு, முருகன் என்று பெயர் போட்டிருந்ததை ஓட்டினால் இரண்டு தடியர்கள் மல்யுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அத்தை அசரவில்லை. சூரசம்ஹாரம் என்றார்.

கிரிக்கெட் பார்க்கும்போது நிலைமை இன்னும் மோசம். மேலே போன பந்து மேலேயே நின்றுவிடும். பெட்டி மூச்சு வாங்கும். அத்தை அதற்குள் ஆளை அவுட்டாக்கி, அடுத்த ஆளை உள்ளே இறக்கியிருப்பார். படம் மறுபடி அசைந்து பந்து எல்லைக்கு வெளியே போய் விழுந்தால், அம்பயர் மாற்றிச் சொல்லிவிட்டார் என்பார்.

இந்தக் குணம் எப்போதும் சிரிப்பில் முடியவில்லை. தோட்டத்துக்குப் புதிதாக வந்த மேனேஜர் தொரை, காலையில் எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற பெரட்டுக் களத்தில் ஒருநாள் மைக் வைத்துப் பேசினார். கொஞ்ச நேரத்தில் மைக் செத்துவிட்டது. அவர் நிறுத்தாமல் சிங்களத்தில் பேசிக்கொண்டே போனார். பின்னால் நின்றவர்களுக்கு வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. என்ன சொல்கிறார் என்று யாரோ அத்தையைக் கேட்டது பெரிய தப்பு. சனிக்கிழமை லீவாம் என்றார் அத்தை. கையை அப்படி அகலமாக விரித்தாரே, லீவு இல்லாமல் வேறு என்ன.

சனிக்கிழமை பெரட்டுக்குப் பாதிப் பேர் போகவில்லை. ஆள் விட்டுக் கூப்பிட்ட பிறகு போனவர்களுக்கு அரைப் பேர் போட்டார்கள், அதாவது பாதி நாள் கூலி. அந்த வாரம் முழுவதும் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது யாரும் அத்தையோடு பேசவில்லை. அவருக்கு அது பெரிய தண்டனையாகத் தெரியவில்லை. அவர்கள் பேசவேண்டியதையும் தாமே பேசிக்கொண்டார். ஆனால் எனக்குள் ஒரு பயம் வந்துவிட்டது. என்றைக்காவது ஒருநாள் இவர் யாருடைய வாயிலாவது வைக்கக்கூடாத பேச்சை வைத்துவிடப் போகிறார் என்று.

லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தவரை நாங்கள் மாமா என்போம், தோட்டத்து டிரக்டர் ஓட்டுகிறவர். மனைவி இறந்த பிறகு ஒரே மகள் சுகந்தியைத் தனியாக வளர்த்தார். அவள் கொழும்புப் பக்கம் கார்மெண்ட் வேலைக்குப் போனாள். வத்தளையில் மாதா கோயிலுக்குப் போகிற ஒரு வேதக்காரப் பையனைப் பிடித்துப்போய், கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுத்தான் அப்பாவுக்குச் சொன்னாள். பையன் வேதக்காரன் என்பதில் மாமாவுக்கு ஒன்றுமில்லை. தன்னைக் கேட்காமல் நாள் குறித்ததுதான் குத்தியது. முடிவெடுத்தவளே கட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு, கல்யாணத்தன்று டிரக்டரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அவளும் கூப்பிடவில்லை, இவரும் கூப்பிடவில்லை. மாதங்கள் போயின. மாமா பேச்சைக் குறைத்தார், பிறகு சாப்பாட்டையும் குறைத்தார். அத்தை தினமும் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போவார். நாய்க்குக் கொண்டுவந்தேன், நாயைக் காணோம் என்று சொல்லி அவர் வாசலில் வைத்துவிட்டு வருவார்.

ஒருநாள் வத்தளையிலிருந்து வந்த ஒருவரிடம் சுகந்தி ஒரு பென் டிரைவ் கொடுத்தனுப்பியிருந்தாள். கல்யாண வீடியோ. மாமா அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டதோடு சரி. அத்தை நேரே போய் அவர் பைக்குள் கைவிட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் சுகந்தி கல்யாணம் என்று லயம் முழுக்கச் சொன்னார். மாமா வரமாட்டேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்த பிறகு, இரவல் வாங்கிய மம்பட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை, மம்பட்டியைக் கீழே வைக்கவும் இல்லை.

இந்தத் தடவை படம் அழகாகத் தெரிந்தது. சத்தம் வரவில்லை. வீடியோ எடுத்தவர் சத்தத்தை மடித்திருந்த விதம் அத்தையின் பெட்டிக்குத் தெரியாத விதம். சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன், பெட்டியைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளைச் சேலையில் சுகந்தி மாதா கோயிலுக்குள் நடந்து வந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. கைகள் தட்டின, வாய்கள் சிரித்தன, எதிலும் சத்தமில்லை.

அத்தை வழக்கம்போல எழுந்து நின்றுகொண்டார். பாதிரியாரைப் பேசவைத்தார். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு ஒரு கரகரத்த குரல் கொடுத்து, சாப்பாடு எப்போது என்று திரும்பத் திரும்பக் கேட்கவைத்தார். வெட்டும்போது கேக்கைக்கூட ஒரு வார்த்தை பேசவைத்தார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. மாமாவின் மீசையோரமும் அசைந்ததைப் பார்த்தேன்.

கடைசியில் சுகந்தி தனியாக வந்து கெமராவுக்கு நேரே நின்றாள். எங்களைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். நீளமாகப் பேசினாள். நடுவில் ஒருமுறை குனிந்தாள். நிமிர்ந்தபோது முகம் வேதனையில் சுருங்கியிருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. மாமா வாசலிலிருந்து என்னைத்தான் கேட்டார். "என்னா சொல்றா?"

சத்தத்தைப் பெட்டி எடுக்கவில்லை மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை முந்திக்கொண்டார். நின்ற இடத்திலிருந்து மெல்லத் தரையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி, சுகந்தியின் வாய் அசைவதற்கு ஏற்ப மெதுவாகச் சொன்னார்.

"அப்பா. நா நல்லா இருக்கேன். நீங்க வரலேன்னு கோவமாத்தான் இருந்தேன். கோயிலுக்குள்ள தனியா நடந்து வந்தேன், பாத்திருப்பீங்க. கைய புடிக்க வேற யாரையும் கூப்புடல. அது உங்க எடம். இப்ப கோவமில்ல. நேரத்துக்குச் சாப்புடுங்க. மழைல டிரக்டர வேகமா ஓட்டாதீங்க. நா வருவேன். கதவ மட்டும் சாத்தாம வைங்க."

சுகந்தியின் வாய் நின்றபோது அத்தையும் நிறுத்தினார். மாமா மம்பட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். வெளியே இறங்கினார். எங்கள் லயத்தில் லைன் அறுபடாமல் போன் பேசவேண்டுமென்றால் மேலே கோயில் பாறைக்கு ஏறவேண்டும். அவர் ஏறுவதை எல்லாரும் வெளியே வந்து நின்று பார்த்தோம். பாறையின் மேல் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவ்வளவு தூரத்திலிருந்து ஒன்றும் கேட்காது. அவர் என்ன பேசுகிறார் என்று அன்று அத்தை எங்களுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் கடையில் அந்த வீடியோவின் சத்தத்தை மட்டும் அத்தையின் பெட்டிக்குத் தெரிந்த விதத்துக்கு மாற்றினேன். படத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை, வேலை சீக்கிரம் முடிந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசிப் பகுதியைக் கேட்டேன்.

"இன்னும் எடுக்கிறீங்களாண்ணே?" என்றாள் சுகந்தி. "போதும்ண்ணே. இந்தச் செருப்பு ரெண்டு காலையும் கடிச்சு வச்சிருச்சு. பிரியாணி முடிஞ்சிருச்சாம், எனக்கு யாராச்சும் ஒரு பார்சல் எடுத்து வச்சாங்களா இல்லியா? காலைல இருந்து ஒண்ணுந் திங்கல. இந்தப் பூவையும் இவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்காங்க, மண்ட வலிக்குது."

அவ்வளவுதான். அப்பா என்ற சொல்லே அதில் இல்லை.

அன்று பின்னேரம் பீலியடியில் அத்தையைத் தனியாகப் பிடித்துச் சொன்னேன். இதை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். அத்தை குடத்தைப் பீலிக்கு அடியில் வைத்துவிட்டு யோசித்தார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை. குடம் நிறைந்து வழியத் தொடங்கியது.

"அழிக்காத," என்றார். "நா சொன்னது வெறும் பேச்சு. அது அவரு மக கொரலு. அவருக்கு வேணாமா?"

குடத்தை அங்கேயே விட்டுவிட்டு நேரே மாமாவிடம் போனார். நேற்றுப் பேசியது தான்தான், உங்கள் மகள் வேறு என்னவோ பேசியிருக்கிறாள், வந்து கேளுங்கள் என்று சொல்லிக் கையோடு அழைத்து வந்தார். காம்பராவில் நாங்கள் மூன்று பேர் மட்டும். வீடியோவை ஓட்டினேன். செருப்பு கடித்தது. பிரியாணி முடிந்தது. மண்டை வலித்தது. மாமா இன்னொரு தடவை போடச் சொன்னார். பிரியாணி வந்த இடத்தில் அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளையிலேயே பசி வந்தால் இப்படித்தான் எல்லாரையும் குறை சொல்லுவாள், அவளுடைய அம்மாவும் இதே மாதிரிதான் என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் போடச் சொன்னார். அத்தையை ஒரு வார்த்தைகூடக் கோபிக்கவில்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "நா அவளுக்குப் போன் எடுத்துட்டேன்ல. அது போதும்," என்றார்.

அத்தைக்குத்தான் மனம் ஆறவில்லை. செருப்பு கடித்ததைச் சொல்ல அவ்வளவு பெரிய முகம் எதற்கு என்று பல நாள் சுகந்தியைக் குறை சொன்னார். அந்த முகத்துக்குப் பொருத்தமானது தாம் சொன்னதுதான் என்பது அவர் கட்சி.

சித்திரை வருஷத்துக்குச் சுகந்தி மாப்பிள்ளையோடு வந்தாள். அத்தையின் காம்பராவில் மறுபடியும் கூட்டம். இந்தத் தடவை சத்தத்தோடு வீடியோ ஓடியது. செருப்பு கடித்த இடத்தில் லயமே அதிரும்படி சிரித்தோம். சுகந்தி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தான் ஒரு பார்சல் எடுத்துத்தான் வைத்தேன், பெரியப்பா சாப்பிட்டுவிட்டார் என்று மாப்பிள்ளை பரிதாபமாகச் சொன்னார். அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை; அந்தப் பெரியப்பாவைத் தாம் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டதைக் காட்டுவதுபோல எல்லார் முகத்தையும் பார்த்தார்.

பிறகு யாரோ, சத்தம் வராத நாளில் அத்தை அவளுக்காகப் பேசியதைச் சொன்னார்கள். சுகந்தி முகத்திலிருந்த சேலையை எடுத்தாள். நான் என்ன சொன்னேனாம் என்று கேட்டாள். எல்லாரும் அத்தையைப் பார்த்தோம். அத்தைக்கு வெட்கம் வந்துவிட்டது. குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு ஞாபகமில்லை என்றார்.

மாமா ஆரம்பித்தார். மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி, மகளுடைய பேச்சை மகளுக்கே சொன்னார். அப்பா, நான் நல்லா இருக்கேன் என்பதிலிருந்து ஒரு சொல் தவறவில்லை. கையைப் பிடிக்க வேறு யாரையும் கூப்பிடவில்லை என்ற இடத்தில் தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். கதவைச் சாத்தாமல் வைக்கச் சொல்லி முடித்தபோது காம்பராவுக்குள் யாரும் அசையவில்லை. சுகந்தி அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த அமைதியை அத்தையால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்.

"கடைசில ஒண்ண விட்டுட்டீங்க," என்றார் மாமாவிடம். "அத்தைக்கு ஒரு சேல எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிச்சு."

மாமா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சுகந்தி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சொன்னேன் அத்த," என்றாள். "எல்லாமே நாந்தான் சொன்னேன்."